எங்கட திடல் ஏன் இல்லாமப் போச்சு? எல்லாரும் கேக்கிற கேள்வியளும் எங்கட பதிலும்

வெளிநாட்டில இருந்து போன் எடுக்கிற ஆக்கள், வைபர்ல வொய்ஸ் போடுற ஆக்கள், சந்தையில மறிச்சுக் கேக்கிற ஆக்கள் எண்டு எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்வியளைத்தான் கேக்கினம், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்லி வாய் உளைஞ்சு போச்சு. அதால ஒரு இடத்தில எழுதி வைக்கிறம். இதை எழுதுற நான் சனசமூக நிலையத்தில இருக்கிற ஒரு ஆள், சட்டத்தரணி இல்லை. சட்டம் வாற இடங்களை ஒரு சட்டத்தரணியிட்டக் கேட்டுத் திருத்தித்தான் போட்டிருக்கு.

முதல்ல, எந்த இடத்தைப் பற்றிக் கதைக்கிறியள்?

வன்னியில ஏ9 றோட்டோரம் இருக்கிற ஒரு சின்னப் பட்டினம். ஊர்ப்பேரையும் பிரதேச சபையின்ர பேரையும் வேணுமெண்டுதான் போடேல்ல, ஏனெண்டா தகவல் கேட்டுப் போட்ட ஒரு மேன்முறையீடு இன்னும் முடியேல்ல. ஊர்க்காரருக்குச் சொல்லாமலே விளங்கும். பஸ் ஸ்ராண்டுக்குப் பின்பக்கம் திறந்தவெளி மேடை, அதுக்கு முன்னால மணல் திடல், ஒரு பக்கம் வொலிபோல் கோட், மற்றப் பக்கம் பிள்ளையளின்ர ஊஞ்சலும் சறுக்கும், மூலையில தகரம் போட்ட வாசிகசாலை, அதோட ஒட்டின மாதிரி கரம் போட் அடிக்கிற சின்ன அறை. இவ்வளவும் சேந்ததைத்தான் நாங்கள் திடல் எண்டு சொல்லுறது.

என்ன நடந்தது, சுருக்கமாச் சொல்லுங்கோ.

ரெண்டு மாடிக் கடைத்தொகுதி வருது. கீழ கடையள், மேல பல்தேவை மண்டபம். திடலை அடைச்சுத் தகர வேலி போட்டாச்சு, மேடையை உடைச்சாச்சு, வாசிகசாலையைக் கழட்டி எடுத்தாச்சு. இந்தத் திட்டத்தின்ர கடதாசி வேலையெல்லாம் நடந்தது சபையில ஒரு உறுப்பினரும் இல்லாத காலத்தில. 2018 பெப்ரவரியில தெரிவான உள்ளூராட்சி சபையளின்ர காலம் 2023 மார்ச் 19ஓட முடிஞ்சுது, அடுத்த தேர்தல் நடந்தது 2025 மே 6. அந்த ரெண்டு வருசத்துக்கு மேல கிட்டத்தட்ட இலங்கை முழுக்கப் பிரதேச சபையளைச் செயலாளர்மார்தான் கொண்டு நடத்தினவை. எங்கட செயலாளரில தனிப்பட்ட கோபம் ஒண்டும் இல்லை, அவர் தனக்கு வந்த ஃபைலைத் தள்ளியிருக்கிறார். ஆனா சபைக் கூட்டத்தில எழும்பி "உதென்ன, பெடியள் விளையாடுற இடமெல்லே" எண்டு கேக்கிறதுக்கு ஒரு ஆள் இருக்கேல்ல. புதுசா வந்த உறுப்பினர்மார் வந்து பாக்கேக்க ரெண்டர் குடுத்து முடிஞ்சுது.

ஒரு உடைஞ்ச மேடைக்கும் நாலு ஊஞ்சலுக்கும் ஏன் இவ்வளவு கத்துறியள்?

இந்தக் கேள்வியைக் கேக்கிறவை முக்கால்வாசிப் பேர் 90ஆம் ஆண்டுக்கு முதலே வெளிக்கிட்டுப் போனவை, அல்லது கொழும்பில இருக்கிறவை. அவையில பிழை சொல்லேலாது.

90கள்ல இஞ்ச கரண்ட் இல்லை, பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய் போத்தில் கணக்கில. சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோ சுத்தித்தான் கனபேர் ரேடியோ கேட்டது. அந்த நேரம் ஆரும் ஜெனரேட்டர் கொண்டுவந்து மேடையில ரீவியை வைச்சா ஊரே பாயோட வந்து குந்தும். கோயில் திருவிழா முடிய விடிய விடியக் காத்தவராயன் கூத்து ஆடினதும் இந்த மேடைதான். பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் இல்லாதபடியா பரிசளிப்பு விழாவும் இதிலதான். 2002இல ஏ9 பாதை திறக்க, யாழ்ப்பாணத்தில இருந்தும் கொழும்பில இருந்தும் நாடகக் குழுவள் வந்துது, அப்ப மேடைக்குக் கூரை போட்டது. 2008 கடைசியில எல்லாரும் வெளிக்கிட்டம், பிறகு முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளம் முகாம். திரும்பி வரேக்க கூரை இல்லை, வாசிகசாலை இல்லை, மேடையின்ர கொங்கிறீட் அடி மட்டும் பத்தையுக்க கிடந்தது. கண்ணிவெடி பாத்து முடிச்சு விட்ட உடன பெடியள் செய்த முதல் வேலை ரெண்டு காட்டுத்தடி நட்டு வொலிபோல் நெற் கட்டினது. சனத்துக்கு வீட்டுக்கே தறப்பாள்தான் இருந்தது, ஆனா பின்னேரம் அஞ்சு மணிக்கு அங்க வந்து நிண்டு விளையாட்டுப் பாக்கும்.

பிறகு சனசமூக நிலையம் காசு சேத்தது, வெளிநாட்டில இருக்கிற பழைய மாணவர் கொஞ்சம் அனுப்பிச்சினம், வாசிகசாலை வந்துது. லயிற் போடுற சுவிச்சுப் பெட்டியின்ர திறப்பு எதிர்ப்பக்க ரீக்கடையில ஆணியில தொங்கும், ஆரு வேணுமெண்டாலும் எடுத்துத் திறக்கலாம், பூட்டிப்போட்டு அதே ஆணியில கொழுவோணும். கரம் போட்டுக்குப் பவுடர் முடிஞ்சா ஆடித் தோத்தவர் வாங்கோணும். மேடையின்ர முன் விளிம்பில சீமெந்து காயமுதல் குச்சியால கீறின வொலிபோல் ஸ்கோர் ஒண்டு இருந்தது, 15க்கு 13, எந்த மச் எண்டதில ரெண்டு கழகத்துக்கும் இப்பவும் சண்டை.

கூட்டிச் சொல்லுறன் எண்டு நினைக்கவேண்டாம், குறையும் இருந்தது. பொம்பிளையளுக்கு ஒரு கக்கூஸ் கட்டித் தாங்கோ எண்டு எத்தினையோ கடிதம் குடுத்தும் வரேல்ல. லயிற் எரியாத நாள்ல பெட்டைப்பிள்ளையள் அந்தப் பக்கம் வராதுகள், எட்டு மணிக்குப் பிறகு மேடைக்குப் பின்னால போத்தில் உடைக்கிற கோஷ்டி ஒண்டும் இருந்தது. இதையெல்லாம் திருத்தியிருக்கலாம். இடிச்சுப்போட்டா எதைத் திருத்திறது?

அந்தக் காணி உண்மையில ஆற்ற?

இதுதான் ஆகச் சிக்கலான கேள்வி, எங்கட ஊரில மட்டுமில்லை. வன்னியில கனக்கக் காணி அரச காணி. சனம் இருக்கிற காணியளே காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்ர கீழ குடுத்த பெர்மிட்டில இருக்கிறது, உறுதி இருக்கிற காணி குறைவு. பொது இடங்கள் எண்டு வந்தா இன்னும் மோசம், சபை பராமரிக்கும், ஆனா காணி பிரதேச செயலகத்தின்ர புத்தகத்தில அரச காணியாவே கிடக்கும், முறைப்படி சபைக்கு உரித்தாக்கிக் குடுத்திருக்காது. எங்கட திடலும் அப்பிடித்தான் கனகாலம் கிடந்தது. கடைத்தொகுதிக் கதை வந்த பிறகுதான் கெதி கெதியாக் காணியைச் சபையின்ர பேருக்குக் கொண்டுவாற அலுவல் நடந்திருக்கு. இருபது வருசம் விளையாட்டுக்கு எண்டு கேட்டும் நடக்காத அலுவல் கடைக்கு எண்ட உடன நடந்தது, அதைச் சனம் கவனிக்காம விடேல்ல.

அப்ப சபை செய்தது சட்டப்படி பிழையோ?

முழுசாப் பிழை எண்டு நான் சொல்லமாட்டன். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டப்படி சபைக்குக் கடை, சந்தை கட்டி வாடகைக்குக் குடுக்கலாம். அதே சட்டத்திலதான் பூங்கா, விளையாட்டுத் திடல், வாசிகசாலை நடத்திறதும் சபையின்ர வேலையாக் கிடக்கு. எதைக் குடுத்து எதை வாங்கிறது எண்டது சபையின்ர தீர்மானம்.

கேள்வி கேக்கக்கூடிய இடங்கள் வேற. ஒண்டு, அந்த எல்லை நகர அபிவிருத்தி அதிகார சபையின்ர, அதுதான் யூடிஏயின்ர, பிரகடனத்துக்குள்ள வந்தா 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டப்படி அபிவிருத்தி அனுமதி எடுக்காம வேலை தொடங்கேலாது, அது சபைக்கும்தான். மற்றது, பிரதேச சபைக்கு நாலு குழு போடலாம் எண்டு சட்டத்தில இருக்கு, நிதி ஒண்டு, வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும் ஒண்டு, தொழில்நுட்ப சேவை ஒண்டு, சூழலும் வாழ்வசதியும் ஒண்டு. அதில உறுப்பினர் இல்லாத ஊர்ச்சனத்தையும் சேக்கலாம். எங்கட சபையில அந்தக் கடைசிக் குழுவில ஊராக்கள் ஆரும் இருந்ததா ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. இருந்திருந்தா கதை ஃபைலுக்க போறதுக்கு முதலே வெளிய வந்திருக்கும்.

சபைக்கு ஏன் உந்த ஆசை? லஞ்சமோ?

எனக்குத் தெரிஞ்சு அப்பிடி ஒண்டும் இல்லை, தெரியாததை எழுதவும் மாட்டன். காரணம் அதைவிடச் சாதாரணம், காசு இல்லை. ஆதன வரி இஞ்ச பெருசா வராது, வீடுகளே இப்பத்தான் எழும்புது. சம்பளத்துக்கு அரசாங்கம் குடுக்கும், மிச்சத்துக்கு லைசன்ஸ் காசு, சந்தைக் குத்தகை, கடை வாடகை. 2022 நெருக்கடிக்குப் பிறகு மேல இருந்து வாறது இன்னும் இறுக்கம். அப்ப பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில ஏ9க்குக் கிட்ட ஒரு வெளியான காணி கிடந்தா ஆருக்கும் கண் போகும். கடையளைக் கேள்வி கோரி, அதுதான் ரெண்டர் போட்டு, குடுக்கேக்க முற்பணமா ஒரு தொகை வரும், பிறகு மாசம் மாசம் வாடகை. திடலால வாறது என்ன? லயிற் பில்லுத்தான்.

தகவல் கேட்டு எடுத்த ஃபைல்ல அப்பிடி என்ன இருந்தது?

நான் எல்லாருக்கும் சொல்ல விரும்புறது இதைத்தான், அதால கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில ஃபைலைக் கேட்டம். வந்த கடதாசியில திடலைப் பற்றி இருந்தது இவ்வளவும்தான்: காணியின்ர பரப்பு, "பாழடைந்த கட்டடம்", கடந்த வருசங்கள்ல வருமானம் எதுவும் இல்லை, ஆகையால பயன்பாடு இல்லாத ஆதனம். ஊரில ஒரு நாளும் சும்மா இருக்காத இடம் ஃபைல்ல பயன்பாடு இல்லாத ஆதனம். வாசிச்ச உடன எல்லாருக்கும் கோவம் வந்துது, பொய் எழுதிப்போட்டாங்கள் எண்டு. பிறகு இருந்து யோசிச்சுப் பாத்தா அது பொய்யும் இல்லை. திடல் இலவசம். இலவசம் எண்டபடியா பற்றுச்சீட்டு இல்லை. பற்றுச்சீட்டு இல்லாதபடியா வருமானப் பதிவில இல்லை. மேடையில கூத்து ஆடினதுக்கு ஆரும் சபையிட்ட விண்ணப்பம் குடுக்கேல்ல, தவிசாளருக்கு வாயால சொன்னது, அவரே வந்து முன் கதிரையில இருந்து பாத்தவர். கழகத்தின்ர மச்சுக்குச் சபையின்ர தண்ணி பவுசர் வரும், அதுவும் போன்ல கேட்டது. திறப்பு ரீக்கடை ஆணியில. கணக்காய்வுக்கு வாற ஆளுக்கு ஆணியில தொங்கின திறப்புத் தெரியாது, அவருக்குத் தெரியிறது புத்தகம்.

ஒரு மணித்தியாலத்துக்கு 50 ரூவா கட்டி ஒரு துண்டு வாங்கியிருந்தாலும் அந்த இடம் "பயன்பாட்டில உள்ள ஆதனம்" எண்டு இருந்திருக்கும். அதுக்காக எல்லாத்துக்கும் காசு வாங்குங்கோ எண்டு சொல்லேல்ல. பூச்சியம் ரூவாவுக்கும் ஒரு அனுமதிக் கடிதம் எடுக்கலாம், அதுக்கு இலக்கம் விழும், ஃபைல்ல இருக்கும்.

மேல பெரிய மண்டபம் கட்டித் தருகினம்தானே, ஏசியும் வருமாம். அது காணாதோ?

கலியாணத்துக்குக் காணும். பூப்புனித நீராட்டு விழாவுக்குக் காணும். பள்ளிக்கூடத்தில இருந்து வாற பெடியன் புத்தகப் பையை மேடையில எறிஞ்சுபோட்டு விளையாட அது காணாது. மண்டபத்துக்கு வாடகை இருக்கும், ஜெனரேட்டருக்கு வேற, கூட்டித் துடைக்கிறதுக்கு வேற, பத்து நாளுக்கு முன்னம் புக் பண்ணோணும். எழுபது வயது ஐயா ஒராள் பின்னேரம் பேப்பர் பாக்கப் படி ஏறிப் போவாரோ? கச்சான் விக்கிற அக்கா வண்டிலை எங்க நிப்பாட்டுறது? ஐஸ்கிறீம் வான் மாடிக்குப் போகுமோ? திடலுக்கு ஒரு ஆள் ஒண்டும் வாங்காம, ஒண்டும் கேக்காம வந்து ரெண்டு மணித்தியாலம் இருந்திட்டுப் போகலாம், கடைத்தொகுதியில அப்பிடி இருந்தா செக்கியூரிட்டி வந்து "ஆரைப் பாக்க வந்தனீங்கள்" எண்டு கேப்பார்.

அப்ப நீங்கள் அபிவிருத்திக்கு எதிரோ?

இல்லை. கடை வேணும். இஞ்சத்தச் சனம் ஒரு ஸ்பெயார் பாட்ஸ் வாங்கவும் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போறது நல்லமோ? சந்தைக்குப் பின்னால சபையின்ர வேற காணி கிடக்கு, அதில கட்டலாம் எண்டுதான் எழுதிக் குடுத்தது. அது றோட்டில இருந்து கொஞ்சம் உள்ள எண்டபடியா முற்பணம் குறையும் எண்டு பதில் வந்தது.

இன்னொண்டையும் சொல்லோணும், பொழுதுபோக்கு இடம் எண்டு சொல்லிப்போட்டா எல்லாம் நியாயம் எண்டும் இல்லை. வவுனியா நகரத்துக் குளத்தின்ர ஒரு பகுதியை மண் போட்டு நிரப்பிப் பூங்கா செய்யேக்க கமக்காரரும் ஊர்ச்சனமும் எதிர்த்து எழும்பினது எல்லாருக்கும் தெரியும். அங்க பூங்கா வாறது பிழை, இஞ்ச பூங்கா போறது பிழை. குளம் தண்ணிக்கு, வயலுக்கு. பிள்ளையளுக்கு ஊஞ்சல் போடக் குளத்துக்கதான் இடம் எண்டு ஒரு நகரசபை போகுது எண்டா, கரையில இருந்த வெறும் நிலமெல்லாம் அதுக்கு முதல் எங்க போச்சுது எண்டுதான் கேக்கோணும்.

இது எங்கட ஊரில மட்டுமோ, தமிழன் எண்டபடியாச் செய்யிறாங்களோ?

இந்த விசயத்தில அப்பிடிச் சொல்லேலாது. கட்டுறது எங்கட சபை, ஒப்பந்தகாரர் எங்கட ஆள், கடை எடுக்கிறதும் எங்கட ஆக்கள்தான்.

கொழும்பில குதிரைப்பந்தயத் திடலின்ர பழைய பார்வையாளர் கொட்டகை இப்ப கடைத்தொகுதி. சிங்கப்பூரில நியூ வேர்ல்ட், கிரேட் வேர்ல்ட், ஹப்பி வேர்ல்ட் எண்டு மூண்டு பெரிய களியாட்டத் திடல் இருந்தது, 1923, 1931, 1937இல தொடங்கினது. நாடகம், பொக்சிங், மல்யுத்தம், டான்ஸ், சாப்பாட்டுக்கடை எல்லாம் ஒரே மதிலுக்குள்ள. மூண்டும் இப்ப இல்லை. ரெண்டின்ர இடத்தில மோல் நிக்குது, அதில ஒரு மோலுக்குப் பழைய பேரையே வைச்சிருக்கினம்.

ஆனா ஒரு மாறான கதையும் இருக்கு, அது எனக்கு நல்லாப் பிடிச்சது. காலிமுகத்திடலில தேசாதிபதி ஹென்றி வோட் 1856இல தொடங்கி 1859இல முடிச்ச நடைபாதைக்கு ஒரு கல்லு நட்டிருக்கு. கொழும்பில இருக்கிற பெண்களுக்காகவும் பிள்ளையளுக்காகவும் இதைப் பாத்துக்கொள்ளுங்கோ எண்டு தனக்குப் பிறகு வாற தேசாதிபதிமாருக்கு அவர் எழுதி வைச்சது. சுத்திவர என்னென்னவோ எழும்பியிட்டுது, கடலையே நிரப்பியாச்சு, திடல் இன்னும் கிடக்கு. கல்லாலதான் தப்பினது எண்டு நான் சொல்ல வரேல்ல. இடம் ஆருக்கு எண்டு எழுத்தில இருந்தா அதை எடுக்க வாறவனுக்கு ஒரு பதில் சொல்லவேண்டி வரும், எங்கட திடலை எடுக்க வந்தவைக்கு அந்தக் கரைச்சல் இருக்கேல்ல.

லண்டனில இப்பிடி இடத்தைக் காப்பாத்தச் சட்டம் இருக்காம், இஞ்ச இல்லையோ?

லண்டனில இருக்கிற ஒரு மச்சான் இதைக் கேட்டவர். அவர் சொல்லுறது இங்கிலாந்தில 2011இல வந்த உள்ளூராட்சிச் சட்டம். ஊர்ச்சனம் சேந்து ஒரு பப்போ, மண்டபமோ, திடலோ சமூகத்துக்குப் பெறுமதியான சொத்து எண்டு கவுன்சிலில பதிவிக்கலாம், அந்தப் பதிவு 5 வருசம் நிக்கும். சொந்தக்காரர் விக்க வெளிக்கிட்டா 6 கிழமைக்குள்ள ஊராக்கள் "நாங்கள் வாங்கப் பாக்கிறம்" எண்டு சொல்லலாம், சொன்னா மொத்தம் 6 மாசம் விற்பனை நிக்கும், அதுக்குள்ள காசு சேக்கோணும். ஆனா சொந்தக்காரர் ஊராக்களுக்குத்தான் விக்கோணும் எண்டு கட்டாயம் இல்லை. அங்கயும் கன இடம் போய்க்கொண்டுதான் இருக்கு.

இஞ்ச அப்பிடி ஒரு பதிவு இல்லை. எங்கட தொல்பொருள் சட்டம் பழைய கட்டடங்களுக்கு, எங்கட மேடை அந்த வயதுக்கு வராது. சிறுவர் உரிமைச் சமவாயத்தில 31ஆம் உறுப்புரை பிள்ளையளுக்கு விளையாட்டும் ஓய்வும் உரிமை எண்டு சொல்லுது, இலங்கை 1991இலயே ஏற்றுக்கொண்டது. அதைக் கடிதத்தில எழுதலாம், நாங்களும் எழுதினம், கடிதத்துக்கு ஒரு கனம் வரும். இடிக்க வாற பெக்கோவை நிப்பாட்டாது.

வழக்குப் போடேலாதோ?

போடலாம், நேரம்தான் எதிரி. அடிப்படை உரிமை வழக்கு உயர்நீதிமன்றத்தில, சம்பவம் நடந்து ஒரு மாசத்துக்குள்ள. அந்த ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறைப்பாடு குடுத்தா, அங்க விசாரணை நடக்கிற காலம் கணக்கில வராது, ஆனா முறைப்பாடு குடுத்த துண்டு மட்டும் காணாது, விசாரணை உண்மையா நடக்குது எண்டதையும் காட்டோணும். வவுனியாவிலயும் யாழ்ப்பாணத்திலயும் ஆணைக்குழுவின்ர அலுவலகம் இருக்கு. மற்றது அதிகாரியளின்ர முடிவை ரத்துச் செய்யக் கேக்கிற எழுத்தாணை மனு, அதுதான் ரிட், உள்ளூராட்சி மாகாணத்தின்ர விசயம் எண்டபடியா மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதுக்கு நாள் கணக்கு இறுக்கமா இல்லாட்டியும் பிந்திப் போனா "இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்" எண்டு கேப்பினம்.

நாங்கள் போகேல்ல. ரெண்டர் குடுத்து முடிஞ்ச பிறகுதான் ஊருக்கே விசயம் தெரியும், கையில ஒரு கடதாசியும் இல்லை, சட்டத்தரணி பாத்திட்டு "இடம் பாவனையில இருந்தது எண்டதுக்கு என்ன ஆதாரம்" எண்டுதான் முதல் கேட்டவர். போனில இருக்கிற படங்களைக் காட்டினம். படத்தில பெடியள் நிக்கிறாங்கள், திகதி இல்லை.

நாங்கள் வெளிநாட்டில காசு சேத்து வேற காணி வாங்கித் தரட்டோ?

மனசுக்கு நன்றி, உண்மையாத்தான் சொல்லுறன். ஆனா அவசரப்படவேண்டாம். பட்டினத்துக்கு வெளிய ரெண்டு கிலோமீற்றரில காணி வாங்கினா அது வேற இடம், பஸ்ஸுக்கு நிக்கிற பிள்ளையும் சந்தைக்கு வாற அம்மாவும் அங்க வராதுகள். அதோட ஆற்ற பேரில வாங்கிறது? தனி ஆளின்ர பேரில வாங்கிப் பிறகு அவற்ற பிள்ளையள் வந்து உரிமை கேட்ட கதையள் எங்கட பக்கத்தில கனக்க இருக்கு. வாங்கிறதெண்டா பதிவு செய்த சங்கத்தின்ர பேரிலயோ நம்பிக்கைப் பொறுப்பாவோ செய்யோணும், சட்டத்தரணியை வைச்சு. இப்போதைக்குச் சபையின்ர சந்தைக் காணியில ஒரு துண்டு கேட்டிருக்கிறம், அந்தப் பதில் வரட்டும்.

திடலில நிண்ட அந்த வாகை மரம்?

நிக்குது. பிளானில வாகனம் நிப்பாட்டுற இடத்துக்க வந்தபடியாத் தப்பிச்சுது.

பெடியள் இப்ப எங்க விளையாடுறாங்கள்?

வொலிபோல் கழகம் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போட்டுது, அதிபர் நல்ல மனுசன், ஆறு மணி மட்டும் விடுறார். மற்றவை போனோட றோட்டு மதகில இருக்கினம். கரம் போட் ஒராளின்ர வீட்டு விறாந்தையில, ஆனா வீடு எண்டா வீடுதான், அந்த வீட்டுக்காரரோட கதைக்காத ஆக்கள் வரமாட்டினம். வாசிகசாலைப் புத்தகங்கள் சங்கக் கட்டடத்தில பெட்டியுக்க, மழைக்கு முதல் ஒரு அலுமாரி தேடுறம்.

எங்கட ஊரிலயும் இப்பிடி ஒரு கதை அடிபடுது. முதல் என்ன செய்யிறது?

கூட்டம் போட்டுக் கத்திறதுக்கு முதல் பிரதேச செயலகத்தில போய் அந்தக் காணி ஆற்ற பேரில, என்ன தேவைக்கு எண்டு கிடக்குது எண்டு பாருங்கோ. விளையாட்டு, பொதுத்தேவை எண்டு இல்லாட்டி அதை மாத்தச் சொல்லி இப்பவே கேளுங்கோ, கடைக்கதை வரமுதல் கேட்டா அது சாதாரண கடிதம், வந்த பிறகு கேட்டா அது சண்டை. சபையின்ர ஆதனப் பதிவேட்டில அந்த இடம் எப்பிடி எழுதியிருக்கு எண்டும் பாருங்கோ. கழகம், சனசமூக நிலையம், மாதர் சங்கம் மூண்டின்ரயும் பதிவைப் புதுப்பியுங்கோ, பதிவு காலாவதியான சங்கத்தின்ர கடிதத்தை ஒருத்தரும் எண்ணமாட்டினம்.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் சபையிட்ட எழுத்தில அனுமதி எடுங்கோ, இலவசமா இருந்தாலும். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கித் திகதி போட்டு, என்ன நடந்தது, எத்தினை பேர் வந்தவை எண்டு எழுதி ஒராள் சைன் வைக்கட்டும். வருசக் கடைசியில சபை வரவு செலவுத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும், ஆரும் போய்ப் பாக்கிறேல்ல, போய்ப் பாருங்கோ, கடைத்தொகுதி எண்டு ஒரு வரி அதிலதான் முதல் வரும்.

தகவல் கேக்கிற படிவத்தில என்ன எழுதுறது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் எண்டது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியில இருந்து நடைமுறையில. தமிழில எழுதலாம், ஏன் கேக்கிறியள் எண்டு காரணம் சொல்லத் தேவையில்லை, எழுதத் தெரியாத ஆள் போய் வாயால சொன்னாலும் தகவல் அலுவலர் எழுதி எடுக்கோணும். 14 வேலைநாளுக்குள்ள தருவமோ மாட்டமோ எண்டு சொல்லோணும். இல்லையெண்டா 14 நாளுக்குள்ள அதே நிறுவனத்தின்ர குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராட்டி 2 மாசத்துக்குள்ள கொழும்பில இருக்கிற தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. போட்டோக் கொப்பியில முதல் 4 பக்கம் இலவசம்.

"திட்டம் பற்றிய எல்லா விவரமும் தரவும்" எண்டு எழுதாதேங்கோ, ஒண்டும் வராது. தனித்தனியாக் கேளுங்கோ: இந்தக் காணி சபைக்கு உரித்தாக்கப்பட்ட ஆவணத்தின்ர பிரதி, கடைத்தொகுதி கட்ட எடுத்த தீர்மானத்தின்ர கூட்டக் குறிப்பு, அபிவிருத்தி அனுமதிப் பத்திரம், மதிப்பீட்டு அறிக்கை, கேள்வி கோரல் அறிவித்தல், மாற்று இடம் பற்றிச் சபை பாத்த அறிக்கை ஏதும் இருந்தா அதுவும். குடுக்கேக்க ஒரு கொப்பியில சபையின்ர திகதிச் சீல் அடிச்சு வாங்குங்கோ, சீல் இல்லை நாளைக்கு வாங்கோ எண்டு சொன்னா அங்கயே தபாற்கந்தோருக்குப் போய் பதிவுத் தபாலில போட்டிட்டுத் துண்டைக் கொப்பியோட ஒட்டி வையுங்கோ.